குக்கர் ஆறும் வரை

சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வருகிறவர்கள் போத்தலை நீட்டிவிட்டு என் வலது கையைப் பார்க்கிறார்கள். பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு ஒன்றையும் பார்க்காதவர்கள் போல அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். கேட்கத் துணிந்தவர்களுக்கு இரண்டு மாதமாக ஒரே கதையைச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓரிடம் விடுபட்டுப் போகிறது. பெரும்பாலும் என் பிழை இருக்கும் இடம்தான் விடுபடுகிறது. ஆகவே எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாங்குளத்தில் சங்கக்கடை, அதாவது கூட்டுறவுக் கடை, மனேச்சர். பீப்பாவிலிருந்து எண்ணெய் இறைத்து அளந்து கொடுப்பது என் அன்றாட வேலை. யாராவது சுருட்டுப் புகையோடு கடைக்குள் காலெடுத்து வைத்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன். எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவி பரமேஸ்வரி சாவகச்சேரிப் பக்கத்தவள். கலியாணம் முடித்து இங்கே வந்த முதல் மாரியிலேயே அவளுக்கு முட்டு வருத்தம் தொடங்கிவிட்டது. ஈர விறகை ஊதி ஊதி, சோறு கொதிக்கும் நேரத்தில் அவள் குசினி வாசலில் குந்தியிருந்து மூச்சுக்கு இழுபட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் சின்ன ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா மருந்து கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நான் எத்தினை போத்தில் மருந்து தந்தாலும் புகை நிண்டால்தான் இது நிக்கும்" என்றார். அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பம்ப் குக்கர் எடுப்பித்தேன்.

குக்கர் என்று நாங்கள் சொல்வது மண்ணெண்ணெய் அடுப்பை. அடியில் எண்ணெய் நிற்கும் பித்தளைக் குடம், பக்கத்தில் காற்றடிக்கும் பம்ப், மேலே தலை. தலையைச் சுற்றியுள்ள கிண்ணியில் கொஞ்சம் ஸ்பிரித்து ஊற்றிக் கொளுத்தி, தலை நன்றாகச் சூடான பிறகு காற்றடித்தால், எண்ணெய் ஆவியாகி மேலே வந்து நீலச் சுவாலையாய் இரைந்துகொண்டு எரியும். புகையே இல்லை. அந்த மாரி முழுவதும் பரமேஸ் ஒரு நாள்கூட இழுபடவில்லை.

அவள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சமையல் வகுப்பு இருந்தது. அங்கே கேக் போட்ட கதையைக் கலியாணமான நாள் தொடக்கம் கேட்டு வருகிறேன். ஆகவே கடையில் காலியான பெரிய பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்து, நடுவில் கம்பித் தட்டு வைத்து, கதவு பொருத்தி, குக்கருக்கு மேல் வைத்துக் கேக் வேகவிடக்கூடிய ஒரு போறணை செய்து கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது. அந்தத் தகரம் தன் சூட்டைக் கீழே இருக்கும் எண்ணெய்க் குடத்துக்கும் திருப்பி அனுப்பும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எங்கள் மகள் வசந்திக்கு ஆறாவது பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனி மத்தியானம் கேக் போறணைக்குள் போனது. வசந்தி பக்கத்து வளவு இராசம்மாக்கா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். காற்று உள்ளே வந்து நெருப்பை அலைக்கிறது என்று நான் யன்னலைச் சாத்தினேன். அது முதல் பிழை. அரை மணி நேரத்தில் சுவாலை குறைந்து மஞ்சளாகித் துடிக்கத் தொடங்கியது.

"எண்ணெய் முடிஞ்சுது போல" என்றேன்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டி ஆற விடுங்கோ. பிறகு ஊத்துவம்" என்றாள் பரமேஸ்.

"ஆறும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் கேக் அமந்து போகும்."

"அமந்தால் அமரட்டும். தலை இன்னும் சிவப்பாக் கிடக்கு, பாருங்கோ. ஆற விடுங்கோ."

"நான் ஒரு நாளைக்கு எத்தினை பேருக்கு எண்ணெய் அளக்கிறனான் எண்டு உமக்குத் தெரியுமோ? எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

இந்த இடம்தான் கடையில் கதை சொல்லும்போது எப்போதும் விடுபடுகிற இடம். அவள் இரண்டு முறை சொன்னாள். நான் காற்றை வெளியே விடும் திருகைத் தளர்த்தினேன். சுவாலை அணைந்தது. காற்று முழுதும் போகும் முன்பே, சிவந்த தலைக்கு ஒரு சாண் கீழே முகத்தைக் கொண்டுபோய், குடத்தின் மூடியைத் திறந்தேன்.

எண்ணெய் முடிந்திருக்கவில்லை. பாதிக் குடம் நின்றது. தலையிலிருந்த ஊசித் துவாரம் கரி பிடித்து அடைத்திருந்தது, அவ்வளவுதான். மூடி திறந்ததும் சூடேறி அடைபட்டிருந்த எண்ணெய் சீறிக்கொண்டு மழைத் தூவல் போல மேலே வந்தது. தலையில் பட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒரு வெளிச்சம். சத்தம்கூடப் பெரிதாக நினைவில்லை.

நான் வாசல் பக்கம் ஓடப் பார்த்தேன். பரமேஸ் என் சாரத்தைப் பிடித்து இழுத்து நிலத்தில் விழுத்தினாள். எண்ணெயில் தோய்ந்து எரிந்துகொண்டிருந்த பெனியனை அவள் கழுத்துப் பக்கத்திலிருந்து கிழித்து எடுத்தது தெரிந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை என்மேல் போட்டு அமத்தினாள். அது அணைந்ததும் அதே சாக்கைக் குக்கருக்கு மேல் விரித்துப் போட்டாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டு வந்த இராசம்மாக்காவிடம், "எரியிற எண்ணெயிலை தண்ணி ஊத்தாதேங்கோ அக்கா! இவரிலை ஊத்துங்கோ!" என்று அவள் கத்தியது இப்போதும் காதில் நிற்கிறது.

இராசம்மாக்கா தன் வீட்டுக்கு ஓடி மைப்போத்தலோடு திரும்பி வந்தா. எரிகாயத்துக்கு மை பூசினால் கொப்பளிக்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வேறொருவர் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். பரமேஸ் ஒருவரையும் கிட்ட விடவில்லை. கிணற்றடியில் என்னை இருத்தி, வாளி வாளியாக அள்ளச் சொல்லி ஊற்றுவித்தாள். குளிரில் என் பல்லுக் கிட்டியது. பிறகு வெளுத்த வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்து என்னைச் சுற்றி, மரம் ஏற்றப் போன லொறி ஒன்றை மறித்து ஏற்றினார்கள். அப்போதிக்கரி ஐயா ஊசி ஒன்று போட்டு, "இது என்ர கையிலை அடங்காது" என்று வவுனியாவுக்கு அனுப்பினார்.

லொறியில் என் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. கண் இமைகள் உப்பி மூடத் தொடங்கின. மூடுவதற்கு முன் நான் கடைசியாகக் கண்டது, என் காலடியில் குந்தியிருந்த பரமேஸின் முகம். வலது கையை முந்தானையால் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். அழுகையைத் துடைக்கத்தான் அப்படி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வவுனியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி. ஆண்கள் வாட்டில், கதவிலிருந்து மூன்றாவது கட்டில். அது மூன்றாவது என்பதே ஐந்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதுவரை எனக்கு ஆஸ்பத்திரி என்றால் டெற்றோல் மணமும், செருப்புச் சத்தமும், கை நரம்பில் குத்தியிருந்த சேலைன் ஊசியும்தான்.

இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. கண் தெரியாதவனுக்குக் கதைதான் கண் என்று தெரிந்தவர் போல எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார். மேல்தோல் மட்டும் சிவந்தால் அது முதல் வகை, கொப்பளித்தால் இரண்டாவது, தோல் அடிவரை வெந்து, தொட்டாலும் நோகாமல் போனால் மூன்றாவது. என் கழுத்தும் நெஞ்சும் கையும் பெரும்பாலும் இரண்டாவது.

"நோகுதோ?" என்பார்.

"உயிர் போகுது, டொக்டர்."

"நல்லது. நோகாத இடத்துக்குத்தான் நான் பயப்படுறனான்."

வெந்த தோல் நீரை அடைத்து வைக்காது, உடம்பிலுள்ள நீர் எல்லாம் கசிந்து போய்விடும், அதற்குத்தான் சேலைன் என்றார். எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று சிறுநீரையும் அளந்து எழுதினார்கள். சீழ் பிடிக்காமல் இருக்கப் பென்சிலின் ஊசி. மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே என் இடுப்பு இறுகும். எல்லாவற்றிலும் கொடியது மருந்து கட்டுவது. வசலின் தோய்த்த வலைத்துணியைக் காயத்தில் வைத்துக் கட்டுவார்கள். அடுத்த முறை அதை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து உரிப்பார்கள். நான் வெட்கமில்லாமல் கத்தினேன். மருந்து கட்டும் அறை வாட்டுக்கு அடுத்ததுதான். அங்கே நான் போட்ட சத்தம் முழு வாட்டுக்கும் கேட்கும்.

பயம் எல்லாம் கண்ணைப் பற்றித்தான். வீக்கம் வற்றினால் திறக்கும் என்று டொக்டர் சொன்னார். திறந்தால் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண் தெரியாத மனேச்சர் எண்ணெய் அளக்க முடியாது. வசந்தியின் முகத்தை நினைவில் கொண்டுவந்து, மறந்துபோகாமல் இருக்க மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் காதர் நானா. முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். லொறியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, காலை உயரத் தூக்கிக் கட்டிப் பாரம் தொங்கவிட்டிருந்தார்களாம். அந்த 'ஆம்' எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண் தெரியாத எனக்கு வாட்டை அவர் சொல்லிக் காட்டினார். "மனேச்சர் தம்பி, இப்ப பெரிய மிஸி வாறா. முகத்தைப் பாத்தா இண்டைக்கு ஆருக்கோ ஏச்சு இருக்கு. கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடவுங்கோ" என்பார். பிறகு தானே, "அட, உங்கட கண் மூடித்தானே கிடக்கு" என்று சிரிப்பார். அவருடைய மனைவி ஆயிசா உம்மா நாள்தோறும் சாப்பாடு கொண்டுவருவா. எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவா.

பரமேஸ் வசந்தியை இராசம்மாக்காவிடம் விட்டுவிட்டு, வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் கஞ்சியோடு வருவாள். கரண்டியால் ஊட்டுவாள். பாதி வாய்க்குள் போகும், பாதி நாடியில் வழியும்.

"என்ன பரமேஸ், பிள்ளைக்கு ஊட்டின கைதானே இது? இப்ப ஊட்ட மறந்து போச்சோ?"

"பிள்ளை வாயைத் திறக்கும். நீங்கள் கதைச்சுக்கொண்டெல்லே இருக்கிறியள்."

பக்கத்துக் கட்டிலில் காதர் நானா இருமுவார். அந்த இருமலுக்கு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு நாள்கூட என் தலையைத் தடவியதில்லை, என் இடது கையைப் பிடித்ததில்லை என்பது எனக்கு மனதில் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு முறை சொன்னாள், நான் கேட்கவில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் அதற்குள் கஞ்சிதான் போனது.

ஆறாம் நாள் காலையில் இடது கண் ஒரு கீற்றாகத் திறந்தது. முதலில் தெரிந்தது மேலே ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதற்குள்ளால் விழுந்த வெயில். நான் சத்தம் போட்டுச் சொன்னேன். காதர் நானா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மெலிந்த மனிதர். நரைத்த தாடி. மிஸி ஓடி வந்து விரல் காட்டி எண்ணச் சொன்னா. மூன்று என்றேன். சரியாக இருந்தது.

"பரமேஸ் வந்தவுடனை சொல்லாதேங்கோ நானா. நானே சொல்லுறன்."

நானா மறுபடியும் இருமினார். பரமேஸ் அன்று வரவில்லை. கஞ்சியை ஆயிசா உம்மா கொண்டுவந்தா. பரமேஸ் பிள்ளையைப் பார்க்க மாங்குளம் போய்விட்டாள் என்றா. நல்லதுதான் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

எனக்கு முகம் பார்க்க வேண்டும் போல இருந்தது. காதர் நானாவிடம் சவரம் எடுக்கும் கண்ணாடி இருந்தது. கேட்டேன். உடைந்துவிட்டது என்றார். அன்று காலைதான் அவர் தாடியைச் சரிபார்த்ததை நான் கண்டிருந்தேன். பிறகு மிஸி வைத்துவிட்டுப் போன வெள்ளிபோல மினுங்கிய மருந்துத் தட்டில் குனிந்து பார்த்தேன். தட்டு வளைந்திருந்ததால் எல்லாம் நெளிந்து தெரிந்தது. ஆனாலும் போதுமானது தெரிந்தது. புருவம் இல்லை. மீசை இல்லை. ஒரு பக்கம் கறுத்துப் பொருக்கு. மறுபக்கம் உரித்த இளஞ்சிவப்பு. நான் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

கண் திறந்த அன்றிலிருந்து அவள் வரவில்லை. அந்த இரண்டையும் என் மனம் சேர்த்துக் கட்டியது. நான் பார்க்காதவரை அவள் இந்த முகத்துக்கு முன்னால் இருக்க முடிந்தது. இனி நான் அவள் பார்ப்பதைப் பார்ப்பேன், அதற்கு அவளால் ஏலாது. இப்படி நினைத்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். இரண்டு நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். ஆயிசா உம்மா ஊட்டப் பார்த்தா. வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"தம்பி, நீங்கள் சாப்பிடாட்டில் அந்தப் பிள்ளை என்னைத்தான் கேப்பாள்" என்றா.

"எந்தப் பிள்ளை?"

"உங்கட பொஞ்சாதி. மாங்குளத்திலை இருந்து வந்து கேப்பாள் எண்டு சொல்லுறன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடினா.

ஒன்பதாம் நாள் டொக்டர் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரலை இழுத்துப் பிடித்துவிடும், நோவைப் பார்க்காமல் நாளுக்கு நூறு முறை மடக்கி நீட்ட வேண்டும் என்றார். பிறகு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"உங்கட மனிசிக்கும் காய்ச்சல் இறங்கியிட்டுது. உள்ளங்கைக்குத் தோல் வெட்டி ஒட்டத் தேவை வராது எண்டுதான் நினைக்கிறன். அவாவும் இந்தப் பயிற்சியைச் செய்யவேணும்."

மிஸி டொக்டரைப் பார்த்தா. காதர் நானா, தூக்கிக் கட்டிய காலோடு எவ்வளவு திரும்ப முடியுமோ அவ்வளவு மறுபக்கம் திரும்பினார். டொக்டர் நிமிர்ந்து எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார்.

"இவருக்குச் சொல்லேல்லையோ?" என்றார்.

டொக்டர் போனதும் காதர் நானா கூரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். என் பெனியனைக் கிழித்தபோது எரியும் எண்ணெய் அவளுடைய வலது உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டியிருக்கிறது. லொறியில் வந்ததும் அந்தக் கையோடுதான். என்னை ஒப்படைத்த பிறகுதான் வெளிநோயாளர் பகுதிக்குப் போய்க் கட்டியிருக்கிறாள். நாள்தோறும் வந்து மருந்து கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டும் நேரமும் எனக்குக் கஞ்சி கொடுக்கும் நேரமும் ஒன்று. இரண்டு நாள் கட்டப் போகவில்லை. இடது கையால் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து, என் கண் திறந்ததற்கு முதல் நாள் பின்னேரம் பெண்கள் வாட்டில் அவளை மறித்துப் போட்டார்கள்.

"வாட்டிலை எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டாள், தம்பி. நான் என்ன செய்ய? மிஸிமாருக்கும் சொல்லி வைச்சிட்டாள். அந்தச் சின்ன டொக்டரை மட்டும் விட்டிட்டாள்."

"எங்கை, நானா, பெண்கள் வாட்டு?"

"விறாந்தையாலை போய், அந்தப் பக்கம். உங்கட யன்னலாலை எட்டிப் பாத்தால் கூரை தெரியும்."

நான் எழும்பினேன். ஒன்பது நாளில் முதல் முறையாக நாலு அடிக்கு மேல் நடந்தேன். விறாந்தைச் சுவரை இடது கையால் பிடித்துப் பிடித்துப் போனேன். தூண்களை எண்ணினேன், பதினொன்று. வாசலில் இருந்த மிஸி, பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு என்றா. பிறகு என் முகத்தையும் கட்டையும் பார்த்துவிட்டு, "ஓ, நீங்களோ" என்று வழி விட்டா.

கடைசிக் கட்டிலில் பரமேஸ் படுத்திருந்தாள். வலது கை தலையணைக்கு மேல், பஞ்சும் துணியுமாக ஒரு பந்து போல. நெற்றியோர முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. ஒன்பது நாளில் ஒரு சுற்று மெலிந்திருந்தாள். கட்டிலடியில் கிடந்த வாங்கை உட்கார்வதற்கு நான் இழுத்த சத்தத்தில் கண் திறந்தாள்.

"ஆர் உங்களை நடக்க விட்டது?" என்றாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், நாடி, நெற்றி. அவசரப்படாமல் பார்த்தாள். நான் அசையாமல் இருந்தேன்.

"மீசை போயிட்டுது" என்றாள். அவளுடைய வாயோரம் துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கலியாணப் பேச்சுக்கு வந்தண்டு இப்பிடி வந்திருந்தால், பள்ளிக்கூடத்துப் பெடியன் எண்டு திருப்பி அனுப்பியிருப்பன்."

நானும் சிரித்தேன். கன்னத்துப் பொருக்கு வெடித்து நொந்தது.

"ஏன் பரமேஸ் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் மருந்தையும் ஊசியையும் விட்டிட்டு என்னட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டெல்லே கிடந்திருப்பியள்."

"இப்ப கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"நீர் இரண்டு தரம் சொன்னனீர். நான் கேக்கேல்லை. பிழை என்னிலைதான்."

"ஓம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிழை இருக்கும் இடத்தில் இருந்தது, அவளும் என்னோடு இருந்தாள்.

அவளுடைய கைக்கட்டைப் பார்த்து, "மருந்து கட்டேக்கை நோகுதோ?" என்று கேட்டேன்.

"கட்டுற அறை உங்கட வாட்டுக்குப் பக்கத்திலை. கத்தினால் உங்களுக்குக் கேக்குமெண்டு சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்." அவள் கண் நிறைந்தது. "இனிக் கத்தலாம்."

மறுநாள் காலை அவள் கத்தினாள். மருந்து கட்டும் அறை வாசலில் நான் இருந்தேன். இவ்வளவு நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். மாங்குளத்துக்கே கேட்டிருக்கும். வாட்டுக்குள்ளிருந்து காதர் நானா, "ஆரப்பா அது?" என்று கேட்டார். "என்ர மனிசிதான், நானா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னும் பன்னிரண்டு நாள் அங்கே இருந்தோம். பின்னேரங்களில் விறாந்தை வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, கட்டுப் போட்ட இரண்டு வலது கைகளையும் மடக்கி நீட்டி எண்ணுவோம். நான் எண்பதில் நிறுத்தப் பார்த்தால் அவள் விடமாட்டாள். ஒரு ஞாயிறு இராசம்மாக்கா வசந்தியைக் கூட்டிவந்தா. பிள்ளை என் முகத்தைக் கண்டு இராசம்மாக்காவின் சேலைக்குள் ஒளிந்தது. பரமேஸ் அதை வற்புறுத்தவில்லை. தன் கட்டைக் காட்டி, "இதுக்குள்ளை என்ன இருக்கு எண்டு சொல்லு பாப்பம்" என்று கதை கொடுத்தாள். அரை மணி நேரத்தில் பிள்ளை என் மடிக்கு வந்து, இல்லாத புருவத்தை விரலால் தடவி, "பொம்மை மாதிரி" என்றது.

டொக்டரும் சில நாள் அந்த வாங்கில் வந்து இருப்பார். நான் குக்கரைத் திறந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே எது பிழைத்தது என்று பிரித்துச் சொன்னார். துவாரத்தைக் கிழமைக்கு ஒரு முறை ஊசியால் குத்தியிருந்தால் சுவாலை குறைந்திராது. காற்று வந்துபோக யன்னலைத் திறந்து, குக்கரைக் காற்றுப் படாத மூலையில் வைத்திருக்க வேண்டும். போறணை வைக்கும்போது குடம் சூடேறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, குடம் நன்றாக ஆறின பிறகு, வெளியில், முக்கால் குடத்துக்கு மேல் போகாமல். சமைக்கும்போது பருத்திச் சேலை; இப்போது வருகிற நைலோன் சேலை நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கொழும்பில் அவருடைய தமக்கை வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறதாம். சிலிண்டரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக வரும். "அதுக்குப் பம்பும் இல்லை, ஸ்பிரித்தும் இல்லை. ஆனால் மணம் வந்தால் நெருப்புக்குச்சி தட்டக்கூடாது. விளக்குச் சுவிச்சும் போடக்கூடாது. சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்துபோட்டு வெளியிலை போய் நிக்கவேணும்" என்றார். "உங்கட ஊருக்கும் ஒரு நாள் வரும். அப்ப நீங்கள்தான் விப்பியள்."

"நான் விக்கிறன், டொக்டர். விளக்கம் சொல்லுறதுக்கு இவவைக் கடையிலை இருத்துறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பரமேஸ் செய்த முதல் வேலை குசினி யன்னல் கதவைக் கழற்றியதுதான். குக்கரை வீசிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். "வீசிப்போட்டுத் திரும்பப் புகையுக்கை இருக்கட்டோ?" என்று கேட்டாள். குடத்தைக் கழுவி, மூடிக்குப் புது ரப்பர் வாசர் போட்டு, மூலையில் மணல் வாளி ஒன்று வைத்தாள். பக்கத்தில் ஈரச் சாக்கு. முதல் நாள் அவள் பற்றவைத்தபோது நான் முற்றத்தில் நின்றேன். இரண்டாம் நாள் வாசலில். மூன்றாம் நாள் உள்ளே.

போன கிழமை காதர் நானாவும் ஆயிசா உம்மாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். நானா ஊன்றுகோலோடு லொறியிலிருந்து இறங்கினார். பரமேஸ் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். சோறு பாதி வேகும்போது சுவாலை இறங்கியது. இந்த முறை உண்மையாகவே எண்ணெய் முடிந்திருந்தது. பரமேஸ் திருகைத் தளர்த்தி அணைத்தாள். குக்கரை மெல்லத் தூக்கி முற்றத்து நிழலில் வைத்தாள். நான் கடையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து பத்தடி தள்ளி வைத்தேன்.

எல்லோருக்கும் பசி. மணி இரண்டாகிவிட்டது. வசந்தி இரண்டு முறை வந்து பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆயிசா உம்மா வெற்றிலைப் பையைத் திறந்தா. நானா கதிரையில் நெளிந்தார்.

"ஆறியிருக்கும், மனேச்சர். ஊத்துங்கோவன்."

நான் பரமேஸைப் பார்த்தேன். அவளுடைய வலது உள்ளங்கையில் புதுத் தோல் மினுங்குகிறது. அந்தத் தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே குனிந்து, இடது கையின் புறத்தைப் பித்தளைக் குடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஆறேல்லை" என்றாள்.

"சரி" என்று நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். நாங்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டு இருந்தோம்.